தாங்குகிறவரைத் தாங்குவது யார்?



நம் பகுதியில் பல வீடுகளில் அதிகாலை ஐந்து மணிக்கே கம்பெனிப் பேருந்துக்குக் கிளம்பும் பரபரப்பு தொடங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை, மீஞ்சூர், எண்ணூர் என்று ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். இவர்களில் சிலருக்கு வேலையோடு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. ஷிப்ட் இன்சார்ஜ், சூப்பர்வைசர், பிளான்ட் மேனேஜர், ஆட்களை வேலைக்கு அழைத்துப் போகும் காண்ட்ராக்டர், சொந்தமாக லேத் பட்டறை நடத்திப் பத்துக் குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் என்று நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பள்ளியில் தலைமையாசிரியை, மருத்துவமனையில் தலைமைச் செவிலியர், தெருவில் மகளிர் குழுத் தலைவி, பங்கில் அன்பியப் பொறுப்பாளர் ஆகியோரும் இந்த வரிசையில்தான் வருகிறார்கள். "அவரிடம் சொல்லிவிட்டால் போதும், அவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் நம்பியிருக்கும் மனிதர்கள் இவர்கள்.

இவர்கள் எல்லாரையும் தாங்குகிறார்கள். இவர்களைத் தாங்குவது யார்? இன்றைய சிந்தனைக்கு இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கடுமையாக உழைத்தால் களைப்பு வரும். ஒரு நல்ல தூக்கம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தால் அந்தக் களைப்பு போய்விடும். ஓய்வெடுத்தாலும் போகாத இன்னொரு சோர்வு உண்டு. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் அதைப் பற்றி எழுதினார். நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ மையம் ஒன்றில் பணி செய்தவர் அவர். அங்கே ஆர்வத்தோடு சேவை செய்ய வந்தவர்கள் நாளடைவில் உள்ளுக்குள் வெறுமையாகிப் போவதைக் கண்டு, அதை 'பர்ன் அவுட்' என்று அழைத்தார். எரிந்து தீர்ந்துபோதல் என்று நாம் சொல்லலாம். ஏனோதானோவென்று வேலை செய்பவரை விட, முழு மனதோடு தம்மைக் கொடுப்பவருக்கே இந்த ஆபத்து அதிகம் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை.

2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டு நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. அது இதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. பணியிடத்தில் நெடுநாள் தொடர்ந்து, சரியாகக் கையாளப்படாமல் போன அழுத்தத்தின் விளைவு என்றே சொல்கிறது. அடையாளங்கள் மூன்று. முதலாவது, சக்தியெல்லாம் வற்றிப்போன உணர்வு. இரண்டாவது, வேலையிடமிருந்து மனம் விலகிப்போவது. எதைப் பார்த்தாலும் கசப்பு, எரிச்சல், ஏளனம். மூன்றாவது, நாம் செய்வதில் எந்தப் பயனும் இல்லை, நம்மால் எதுவும் ஆகாது என்ற எண்ணம்.

வீட்டில் ஏற்றிவைக்கும் எண்ணெய் விளக்கை நினைத்துப் பார்ப்போம். எண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய்தான்; திரி அவ்வளவாகக் கருகுவதில்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டால் திரியே எரியத் தொடங்குகிறது. அப்போதும் சிறிது நேரம் வெளிச்சம் இருக்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பொறுப்பில் இருக்கும் பலர் இப்படித்தான் எண்ணெய் தீர்ந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கிறார்கள். டார்கெட் முடிகிறது, சம்பளம் போடப்படுகிறது, திருவிழா நடக்கிறது. எரிவது அந்த மனிதர்தான் என்பது வெளியே தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை? அவர்களே தெரியவிடுவதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

வேலையிடத்தில் ஒருவர் "என்னால் முடியவில்லை" என்று சொன்னால், அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருக்குமா என்ற பயம் இருக்கிறது. காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அடுத்த காண்ட்ராக்ட் கிடைக்குமா என்ற பயம். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து மேலே வந்தவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. தம்பியின் கல்லூரிக் கட்டணம், தங்கையின் திருமணம், அப்பாவின் மருந்துச் செலவு எல்லாம் அவர் தோளில் இருக்கின்றன. தனக்காகப் பட்டினி கிடந்தவர்களிடம் போய், "நான் சோர்ந்துவிட்டேன்" என்று சொல்வது நன்றிகெட்டதனம் போல் அவருக்குத் தோன்றுகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த முதல் மனிதர் என்றால், சிறிது தடுமாறினாலும் "இவர்களுக்கெல்லாம் இது வராது" என்று பேசக் காத்திருக்கும் வாய்களை அவர் அறிவார். "ஆம்பளை அழக்கூடாது" என்று சிறுவயதில் கேட்டது ஆண்களுக்கு மறப்பதில்லை. பெண்களோ, வேலையிலும் வீட்டிலும் சேர்த்துத் தாங்கிவிட்டு, "அவளுக்கு என்ன, நல்ல சம்பளம்" என்ற பேச்சையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எனவே இவர்கள் மனத்தைப் பூட்டிவைக்கிறார்கள். பூட்டிய மனம் ஒரு வகையில் பாதுகாப்புத்தான். ஆனால் அடக்கிவைக்கும் உணர்வு இல்லாமல் போய்விடுவதில்லை. அதை அடக்கிவைப்பதே இன்னொரு வேலையாகி, இருக்கிற கொஞ்ச பலத்தையும் தின்றுவிடுகிறது. தவிர, கவலையை மட்டும் தனியே பூட்ட முடியாது. அதே அறைக்குள் மகிழ்ச்சியும் இரக்கமும் சேர்ந்து பூட்டப்படுகின்றன. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கி வந்தால் சந்தோஷப்பட முடியவில்லை. கீழே வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையன் தாய் இறந்துவிட்டாள் என்று விடுப்புக் கேட்டால், முதலில் கண்முன் வருவது ஷிப்டில் ஓர் ஆள் குறைகிறதே என்பதுதான். மனிதர் கெட்டவராகிவிடவில்லை. உள்ளே எண்ணெய் இல்லை.

2023-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் கோவை சரகக் காவல்துறை டி.ஐ.ஜி. விஜயகுமார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி தமிழகத்தையே உலுக்கியது. போட்டித் தேர்வை வென்று, பல மாவட்டங்களில் பொறுப்பு வகித்து உயர்ந்தவர் அவர். அவர் சில ஆண்டுகளாகவே மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்தார் என்று காவல்துறை உயரதிகாரிகள் பின்னர் தெரிவித்தார்கள். அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்று சொல்லவோ, தீர்ப்பிடவோ நமக்கு உரிமை இல்லை. அவர் மருத்துவரை நாடியவர் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. மன அழுத்தம் ஒரு நோய். பணிச்சோர்வும் அதுவும் ஒன்றே அல்ல. ஆயினும் நெடுநாள் கவனிக்கப்படாத பணிச்சோர்வு ஒருவரை அந்த நோயின் விளிம்புவரை கொண்டுபோய் விடலாம். இப்படி இறப்பவர்கள் கடவுளின் இரக்கத்துக்கு வெளியே போய்விட்டார்கள் என்று திருச்சபை சொல்வதில்லை. கடுமையான மனத்துயரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. பதவியும் சீருடையும் யாரையும் மனத்துயரிலிருந்து காப்பதில்லை என்பதை மட்டும் அந்த நாள் நமக்கு நினைவூட்டிச் சென்றது.

திருவிவிலியம் இதை நன்றாக அறியும். அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். முந்தைய அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா கர்மேல் மலையில் மாபெரும் வெற்றி பெறுகிறார். வானத்திலிருந்து நெருப்பு இறங்குகிறது. மூன்றாண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு மழை பெய்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே அரசி ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒரு சிறு செய்தி அங்கே இருக்கிறது. பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிட்டு, எலியா தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் பயணம் போகிறார். உடனிருந்த ஒரே ஆளையும் விட்டுவிட்டுப் போகிறார். அதன் பிறகுதான் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார்.

கடவுள் என்ன செய்கிறார்? விசுவாசம் குறைந்துவிட்டது என்று கண்டிக்கவில்லை. முதலில் தூங்க விடுகிறார். வானதூதர் வந்து எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மீண்டும் தூங்க விட்டு, மீண்டும் சாப்பிடச் செய்கிறார். நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகுதான் கேள்வி கேட்கிறார். அதையும் இரண்டு முறை கேட்கிறார். எலியா தம் மனத்தில் உள்ளதைக் கொட்டுகிறார். தான் ஒருவன் மட்டுமே மிஞ்சியிருப்பதாகச் சொல்கிறார். சோர்ந்த மனம் எப்போதும் சொல்லும் பொய் இது. இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கடவுள் திருத்துகிறார். கடைசியில் எலிசாவைத் துணையாகக் கொடுக்கிறார். தூக்கம், உணவு, காதுகொடுத்துக் கேட்டல், உண்மையை எடுத்துச் சொல்லல், ஒரு துணை: ஆண்டவர் கொடுத்த மருந்து இந்த வரிசையில் அமைந்திருக்கிறது. பேசாமல் ஜெபம் பண்ணு, சரியாகிவிடும் என்று நாம் ஒருவருக்கு அறிவுரை சொல்லும்போது இந்த வரிசையை மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் பொறுப்பில் உள்ளவர் தம் மனத்தை எல்லாருக்கும் திறந்து காட்ட வேண்டுமா? வேண்டாம். கடலில் அலை எழும்போது படகோட்டி தன் பயத்தையெல்லாம் பயணிகளிடம் கொட்டினால் படகு கவிழும். யாரிடம், எவ்வளவு என்பதில் நமக்கு வழிகாட்டக்கூடியவர் கொல்கத்தா புனித அன்னை தெரேசா.

1946 செப்டம்பர் 10-ஆம் நாள் டார்ஜிலிங் செல்லும் ரயிலில் அவர் இறை அழைப்பைப் பெற்றதும், 1950-இல் அவரது சபை திருச்சபையின் அங்கீகாரம் பெற்றதும், 1979-இல் நொபெல் பரிசு பெற்றதும் நாம் அறிந்தவை. அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 2007-இல், அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பணி தொடங்கிய காலம்முதல் ஏறத்தாழ வாழ்நாள் இறுதிவரை, இடையில் ஒரு சிறு இடைவெளி தவிர, கடவுள் தம்மைவிட்டு விலகிவிட்டார் என்ற உணர்விலேயே அவர் வாழ்ந்திருந்தார். அருகில் இருந்த சகோதரிகளுக்குக் கூட அவர் முகத்தில் தெரிந்தது புன்னகைதான்.

இதை மேலோட்டமாகப் பார்த்தால், மனத்தைப் பூட்டிவைத்தாலும் புனிதராகலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கடிதங்கள் ஏன் இருக்கின்றன? அவர் யாருக்கோ எழுதியதால் இருக்கின்றன. தம் ஆன்ம வழிகாட்டியான இயேசு சபைக் குரு வான் எக்செமிடமும், கொல்கத்தா பேராயர் பெரியேயிடமும், பின்னர் வேறு சில குருக்களிடமும் அவர் தம் இருளை மறைக்காமல் சொன்னார். 1960-களின் தொடக்கத்தில் இயேசு சபை இறையியலாளர் நாய்னரிடம் அதைப் பகிர்ந்தபோது, அந்த இருள் அவர் செய்யும் பணியின் ஒரு பகுதியே, இயேசுவின் பாடுகளில் பங்கெடுப்பதே என்று அவர் விளக்கினார். இருள் போய்விடவில்லை. ஆனால் அதன்பின் அன்னை அதை அன்போடு ஏற்கக் கற்றுக்கொண்டார். அன்னையின் அனுபவம் ஓர் ஆன்மீக இருள். அதைப் பணிச்சோர்வு என்று பெயரிடுவது தவறு. அவர் ஏழைகள்மேல் கசப்படையவில்லை. ஆயினும் நாம் கற்கவேண்டியது தெளிவாக இருக்கிறது. கூட்டத்தின் முன் அவர் மௌனம் காத்தார். தகுந்த ஒரு சிலர் முன் அவர் ஒளிக்கவில்லை. பணி வளர வளர, ஜெப நேரத்தையும் கூட்டினார். 1973-முதல் அவரது சபையில் நற்கருணை ஆராதனை நாள்தோறும் ஒரு மணி நேரம் என்றானது. விளக்கில் எண்ணெய் ஊற்றுவது என்றால் இதுதான்.

நம் ஆண்டவரும் அப்படியே செய்தார். கெத்சமனித் தோட்டத்தில் சீடர்கள் எல்லாரிடமும் அவர் தம் துயரத்தைச் சொல்லவில்லை. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும் அழைத்துப்போய், தம் உள்ளம் சாவுவரை துயருற்றிருப்பதைச் சொன்னார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு. கடவுளின் மகனே தம் வேதனை வேளையில் மனிதத் துணையைத் தேடினார் என்றால், நமக்குத் துணை தேவையில்லை என்று சொல்ல நாம் யார்?

குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஏப்ரல் 2-ஆம் நாள் எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலி மறையுரை முழுவதையும் குருக்களின் களைப்பைப் பற்றியே ஆற்றினார். அதற்கு முந்தைய டிசம்பரில், வத்திக்கான் அதிகாரிகளிடம் அவர் பட்டியலிட்ட பதினைந்து நோய்களில் முதலாவது, தான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்ற எண்ணம். இரண்டாவது, மார்த்தாவைப் போல் ஓயாத வேலையில் மூழ்கிப்போவது. 12-ஆம் நூற்றாண்டிலேயே புனித பெர்நார்து, தம் சீடராக இருந்து திருத்தந்தையான மூன்றாம் யூஜினுக்கு ஒரு நூல் எழுதி, ஓயாத அலுவல்கள் இதயத்தைக் கல்லாக்கிவிடும் என்று எச்சரித்தார். 2013 பிப்ரவரி 11-ஆம் நாள், 85 வயதில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் உடல் வலிமையும் மன வலிமையும் குறைந்துவிட்டதை உலகத்தின் முன் சொல்லிப் பதவி விலகுவதாக அறிவித்தார். முடியவில்லை என்று சொல்வதும் ஒரு தலைவரின் கடமையாக இருக்கலாம் என்பதை அவர் காட்டினார்.

அன்பார்ந்தவர்களே, நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலில், பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், தாம் பொறுப்பாளராக இருக்கத் தேவையில்லாத ஓர் ஆள் வேண்டும். அது வாழ்க்கைத் துணையாக இருக்கலாம். பழைய நண்பராகவோ ஆன்ம வழிகாட்டியாகவோ இருக்கலாம். லொயோலா புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில், சோதிக்கிறவன் தன் பேச்சு இரகசியமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறான் என்கிறார்; அதை நல்ல வழிகாட்டி ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவன் பலம் போய்விடும். ஒப்புரவு அருளடையாளம் பாவத்துக்குரியது. சோர்வு பாவமல்ல. எனவே சோர்வைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் அதற்கென்று தனியே நேரம் கேட்டு வரலாம். குருக்கள் கேட்கக் காத்திருக்கிறோம்.

இரண்டாவது, இருளில் இருக்கும்போது பெரிய முடிவுகளை எடுக்கக்கூடாது. இதுவும் இஞ்ஞாசியார் தந்த விதி. இரவு இரண்டு மணிக்கு ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஒருவரிடம் பேசிவிட்டு யோசிப்போம்.

மூன்றாவது, ஓய்வும் வேலையின் பகுதியே. சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸில் வேலை செய்பவர்களுக்கு இது விளங்கும். ஃபர்னஸின் உள்சுவரில் இருக்கும் லைனிங் சூட்டில் தேயும். குறித்த நேரத்தில் ஷட்டவுன் எடுத்து அதை மாற்ற வேண்டும். இன்னும் ஒரு முறை ஓட்டிவிடலாம் என்று இழுத்தால், உருகிய இரும்பு சுவரைத் துளைத்து வெளியே வரும். அதனால் ஷட்டவுன் எடுப்பவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. ஞாயிறு ஓய்வைக் கடவுள் கட்டளையாகவே வைத்ததன் பொருள் இதுவே. காலைமுதல் மாலைவரை தனியாக அமர்ந்து மக்களுக்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்த மோசேயிடம், இப்படிச் செய்தால் நீயும் மக்களும் சோர்ந்துபோவீர்கள் என்று எடுத்துச் சொன்னவர் அவருடைய மாமனார் இத்திரோ. ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தி மோசே பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார்.

நான்காவது, சுற்றியிருக்கும் நமக்கு. நன்றாக வேலை செய்கிறவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டும் பழக்கம் கம்பெனியில் மட்டுமில்லை, கோவிலிலும் இருக்கிறது. திருவிழாக் கணக்கு, பாடல் குழு, மறைக்கல்வி, ஆலயப் பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் அதே மனிதரைத் தேடுகிறோம். அவரிடம் "வேலை முடிந்ததா?" என்று கேட்கும் நாம், "நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்போம். முதல் பதில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்பதாகத்தான் இருக்கும். கடவுளே எலியாவிடம் இரண்டு முறை கேட்டார்.

கடைசியாக ஒன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், எதிலும் பிடிப்பு இல்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுவதில் வெட்கம் இல்லை. இதிலும் வெட்கம் தேவையில்லை. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில், இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம். வீட்டில் ஒருவர் அப்படிப் பேசினால், திட்டாமல், உபதேசம் செய்யாமல், அவரைத் தனியே விடாமல் உடன் இருங்கள்; சிகிச்சைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

இந்த வாரம் நம் ஒவ்வொருவருடைய மனத்திலும் ஒரு முகம் தோன்றட்டும். நாம் சாய்ந்துகொள்ளும் அந்த ஒருவரின் முகம். அவரை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்போம். எதுவும் கேட்டுப் பெறுவதற்காக இல்லாமல், ஒரு தேநீர் குடித்துக்கொண்டு அவரைப் பேச விடுவதற்காகப் போவோம். பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்போரைத் தம்மிடம் அழைக்கும் ஆண்டவர் இயேசு, அந்த ஒரு மணி நேரத்தில் நம் வழியாக அவருக்கு இளைப்பாறுதல் தருவாராக. ஆமென்.